பழைய லேப்டாப், பழைய டெஸ்க்டாப், ராஸ்பெர்ரி பை: ஜென்டூவை எதில் கம்பைல் செய்வது?

சத்துவாச்சாரி_லேப்

எல்லோருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். லினக்ஸ் வகுப்புக்கு வருகிற பையன்களில் சிலர் ஜென்டூ (பேக்கேஜ்களைச் சோர்ஸ் கோடிலிருந்து நாமே கம்பைல் செய்து ஏற்றுகிற லினக்ஸ் வகை) போட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். எனக்கும் ஆசைதான், சோர்ஸிலிருந்து கட்டினால்தான் ஒரு பேக்கேஜ் எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்பது பையன்களுக்குக் கண்ணால் பார்த்துப் புரியும்.

கையில் இருப்பது மூன்று. ஒன்று லேப்டாப், ஐ5 8250யூ, 4 கோர் 8 த்ரெட், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி உண்டு. இரண்டாவது ஏதோ ஆபீஸிலிருந்து ஏலத்தில் வந்த டெஸ்க்டாப், ஐ5 4570, 4 கோர் 4 த்ரெட், 16 ஜிபி ராம், அதற்கும் எஸ்எஸ்டி போட்டுவிட்டேன். மூன்றாவது ராஸ்பெர்ரி பை 4 என்கிற கையடக்கக் கம்ப்யூட்டர், 4 ஜிபி மாடல், எஸ்டி கார்டில் ஓடுகிறது.

புதுசு, த்ரெட்டும் அதிகம் என்பதால் லேப்டாப்பில்தான் ஆரம்பித்தேன். அடிப்படை சிஸ்டம் ஒழுங்காக ஏறியது. ஃபயர்பாக்ஸ் கேட்டதும் கூடவே அதைக் கட்டத் தேவையான ரஸ்ட், எல்எல்விஎம், நோட்ஜேஎஸ் என்று ஒரு ஊர்வலமே வந்தது. மேக் ஆப்ஷனில் ஜே 8, அதாவது ஒரே நேரத்தில் எட்டு கம்பைல் வேலை (ஜாப்) என்று கொடுத்திருந்தேன். எல்எல்விஎம் பாதி தாண்டியதும் மவுஸ் நகரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்" என்று ஒரு வரி வந்து எல்லாம் நின்றுவிட்டது. திரும்பப் போட்டாலும் அதே கதை, நிற்கிற இடம் மட்டும் மாறுகிறது.

இடம் மாடியில் இருக்கிறது, மேலே ஷீட் கூரை. கத்திரி வெயிலில் மதியம் உள்ளே உட்காரவே முடியாது, கரண்டும் அப்பப்போ போகும், இன்வெர்ட்டர் இருக்கிறது. என் கேள்வி இதுதான்: இந்த மூன்றில் எதில் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வழி இருக்கிறதா? எந்த வேலைக்கு எவ்வளவு ராம் வேண்டும்? இல்லை, பேசாமல் 16 கோர் மெஷின் ஒன்று வாங்கிவிட வேண்டியதுதானா?

பேர்ணாம்பட்டு_பையன்

சார், டெபியன் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். பிரவுசரை நம் ப்ராசஸருக்கென்றே கம்பைல் செய்தால் வேகம் பறக்கும் என்று பையன்கள் யூடியூபில் பார்த்திருப்பார்கள். ஃபயர்பாக்ஸ் மாதிரியான பெரிய புரோகிராமில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, வேகம் தேவைப்படுகிற இடங்களில் ப்ராசஸர் எது என்று ஓடும்போதே பார்த்துப் பொருத்தமான கோடை எடுத்துக்கொள்கிற ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. கரண்ட் பில்தான் மிச்சம்.

காட்பாடி_ஜங்ஷன்

மேலே தம்பி சொன்னதில் வேகம் பற்றிய பகுதி சரி. ஆனால் ஜென்டூ போடுகிறவன் வேகத்துக்காகப் போடுவதில்லை (போடுகிறவன் ஒரு மாதத்தில் விட்டுவிடுவான்). எந்தப் பேக்கேஜில் எந்த வசதி இருக்க வேண்டும், எது கூடாது என்பதை யூஸ் ஃப்ளாக் வைத்து நாமே தீர்மானிக்கலாம், அதற்காகத்தான். வகுப்புக்கு நல்ல பாடம். போடுங்கள் சார்.

உங்கள் எரருக்கு வருகிறேன். அது கம்பைலர் கோளாறு இல்லை, சோர்ஸ் கோளாறும் இல்லை. ராம் தீர்ந்து, கெர்னலே ஒரு ப்ராசஸைப் பிடித்துக் கொன்றிருக்கிறது. கெர்னல் செய்திகளைக் காட்டுகிற டிமெஸ்ஜி கமாண்ட் அடித்துக் கடைசிப் பக்கம் பாருங்கள், "அவுட் ஆஃப் மெமரி" என்று தொடங்கி சிசி1பிளஸ் (சி பிளஸ் பிளஸ் கம்பைலர்) பெயரோடு ஒரு வரி இருக்கும். நிற்கிற இடம் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்று நீங்கள் சொன்னதே போதும். கோடில் தப்பு இருந்தால் அதே ஃபைலில்தான் நிற்கும். (ராம் ஸ்டிக் பழுதானாலும் இடம் மாறி மாறி நிற்கும், ஆனால் அப்போது "கில்டு" என்று வராது, கம்பைலரே குழம்பிப்போய் "இன்டர்னல் கம்பைலர் எரர்" அல்லது "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று கத்தும்.)

எல்லோரும் கோரை எண்ணுகிறார்கள், முதலில் எண்ண வேண்டியது ராமை. ஜென்டூ கையேடே ஒரு ஜாபுக்குக் குறைந்தது 2 ஜிபி ராம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஜே 8 என்றால் எட்டு கம்பைலர் ஒரே நேரத்தில் ஓடும், அதற்கு 16 ஜிபி வேண்டும், உங்களிடம் இருப்பது 8, அதிலும் டெஸ்க்டாப் சூழலும் பிரவுசரும் கொஞ்சம் தின்றிருக்கும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம்ம வேலூர் அதிசயங்களை அடுக்குவார்கள் இல்லையா, அந்த லிஸ்டில் மெமரி இல்லாத எட்டு த்ரெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் ஜே 3 வைத்தால் ஓடும், ஜே 4 இழுபறி. டெஸ்க்டாப்பில் 4 த்ரெட்டுக்கு 16 ஜிபி, ஆளுக்கு 4 ஜிபி, தாராளம்.

ஆனால் இந்த 2 ஜிபி எல்லாப் பேக்கேஜுக்கும் பொருந்தாது. லினக்ஸ் கெர்னல் கிட்டத்தட்ட முழுக்க சி மொழி, ஒரு ஜாப் சில நூறு எம்பி தாண்டுவது அபூர்வம், உங்கள் லேப்டாப்பிலேயே ஜே 8 போட்டால் தாங்கும். சி பிளஸ் பிளஸ் வந்தால்தான் வினை, டெம்ப்ளேட் நிறைந்த ஒரே ஃபைல் ஒரு ஜிபியைத் தாண்டும். எல்எல்விஎம், கியூடி வெப்எஞ்சின், லிப்ரேஆபீஸ், குரோமியம் எல்லாம் இந்த ரகம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைக்காதீர்கள். பொதுவாக ஜே 8 இருக்கட்டும், கனமான நாலைந்து பேக்கேஜுக்கு மட்டும் பேக்கேஜ் டாட் என்வ் ஃபைலில் ஜே 3 என்று தனியாக எழுதி வையுங்கள். பேக்கேஜ்களை ஏற்றுகிற எமெர்ஜ் கமாண்டுக்கும் தனியாக ஒரு ஜாப்ஸ் ஆப்ஷன் உண்டு (ஒரே நேரத்தில் எத்தனை பேக்கேஜ் என்பது), அதில் 2, இங்கே 8 என்று வைத்தால் இரண்டும் பெருக்கி 16 ஆகிவிடும், ஜாக்கிரதை.

அப்புறம் கடைசியில் வருகிற லிங்கிங். ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கிற அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு ப்ராசஸ் பல ஜிபி கேட்கும், டீபக் தகவலோடு கட்டினால் இன்னும் மோசம். எல்எல்விஎம்மில் ஒரே நேரத்தில் எத்தனை லிங்க் ஓடலாம் என்பதற்கே தனி ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள், இந்தத் தொல்லைக்காகத்தான். 90 சதவீதம் தாண்டியாச்சு என்று டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் செத்துக் கிடக்கும் பேக்கேஜ்களில் பாதி இந்த இடத்தில்தான் சாகின்றன.

வாலாஜா_தறி

நேரக் கணக்குக் கேட்டிருந்தீர்களே, அதற்கு நான் சொல்கிறேன்.

லினக்ஸை முழுக்கக் கையாலேயே கட்டக் கற்றுத்தருகிற லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் புத்தகத்தில் எந்தப் பேக்கேஜுக்கும் நிமிடக் கணக்கு இருக்காது. எஸ்பியூ என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். முதலில் கட்டுகிற பின்யூட்டில்ஸ் உங்கள் மெஷினில் எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அதுதான் ஒரு எஸ்பியூ. மற்றதெல்லாம் அதன் மடங்கு. பின்யூட்டில்ஸ் உங்களுக்கு 3 நிமிடம் என்றால், 10 எஸ்பியூ போட்டிருக்கிற பேக்கேஜ் அரை மணி நேரம். மெஷின் எதுவானாலும் விகிதம் ஏறக்குறைய அதேதான், ராம் போதும் என்கிற வரைக்கும். ராம் தீர்ந்து டிஸ்கில் இருக்கிற ஸ்வாப்புக்குப் போய்விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. இன்னொன்று, சமீபத்திய பதிப்புகளில் அந்த முதல் பின்யூட்டில்ஸை ஒரு கோரிலும் மற்ற பேக்கேஜ்களை 4 கோரிலும் அளக்கிறார்கள், அதைக் கவனித்து ஒப்பிடுங்கள்.

ஜென்டூவில் இன்னும் சுலபம். ஒவ்வொரு பேக்கேஜும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று எமெர்ஜ் லாக் எழுதி வைக்கும். ஜென்லாப் அல்லது கியூலாப் வைத்துக் கேட்டால் போன தடவை எவ்வளவு நேரம் என்று அதிலிருந்து எடுத்துச் சொல்லும். முதல் தடவைக்கு உதவாது, இரண்டாவது அப்டேட்டிலிருந்து நம்பலாம்.

16 கோர் வாங்கலாமா என்றால், எல்லாமே நாலு மடங்கு வேகமாகிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். இன்றைய 16 கோர் டெஸ்க்டாப் ப்ராசஸரில் கெர்னலை டீபால்ட் கான்பிகில் கட்டினால் ஒரு நிமிடத்துக்கு முன்னே பின்னே முடிந்துவிடும், உங்கள் பை 4-இல் அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அது உண்மைதான், ஆனால் கெர்னல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல், எத்தனை கோர் கொடுத்தாலும் பங்கு போட்டுக்கொள்ளும். சின்னப் பேக்கேஜ்களைப் பாருங்கள். "செக்கிங் ஃபார்... எஸ்", "செக்கிங் ஃபார்... நோ" என்று கான்பிகர் ஸ்க்ரிப்ட் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற கோரெல்லாம் கைகட்டி வேடிக்கை பார்க்கும், அப்புறம் நிஜமான கம்பைல் பத்தே நொடியில் முடியும். ஜிசிசி கம்பைலரின் கதை வேறு மாதிரி, அது தன்னைத்தானே மூன்று தடவை கட்டிக்கொள்ளும், பழைய கம்பைலரால் ஒரு தடவை, அப்படி வந்ததால் ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை, கடைசி இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டும் பார்க்கும். ஃபயர்பாக்ஸில் பிஜிஓ யூஸ் ஃப்ளாக் போட்டிருந்தால் அதுவும் இரண்டு தடவை, நடுவில் பிரவுசரை ஓட்டிப் பார்த்து அளவெடுக்கும். அதை முதலில் எடுத்துவிடுங்கள், நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும்.

கெர்னலுக்கு லோக்கல்மாட்கான்பிக் என்று ஒரு வழி இருக்கிறது. அந்த நேரத்தில் மெஷினில் ஏறியிருக்கிற மாட்யூல்களை மட்டும் வைத்துக் கான்பிக் போட்டுக்கொடுக்கும். டிஸ்ட்ரிபியூஷனோடு வருகிற கெர்னலின் முழுக் கான்பிகோடு ஒப்பிட்டால் வேலை பெருமளவு குறையும். போடுவதற்கு முன் பென்டிரைவ், பிரிண்டர், வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் ஒரு தடவை செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கான மாட்யூல் விடுபட்டுப் போகும்.

சத்துவாச்சாரி_லேப்

ரொம்ப நன்றி. டிமெஸ்ஜியில் ஜங்ஷன் அண்ணன் சொன்ன வரியே இருக்கிறது. லேப்டாப்பில் ஜே 3 போட்டதும் எல்எல்விஎம் முடிந்துவிட்டது, ஆனால் பொழுது போய்விட்டது. ஒரு விஷயம் புரியவில்லை. காலையில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய ப்ராசஸர் மதியம் 2-க்கும் கீழே வந்துவிட்டது, சூடு 95 டிகிரி காட்டுகிறது. இது இந்த மெஷின் குறையா?

காட்பாடி_ஜங்ஷன்

குறை இல்லை, அந்த ப்ராசஸரின் குணமே அது. பெயர் கடைசியில் இருக்கிற யூ என்றால் 15 வாட் ரகம். 3.4 வரை போகும் என்று போட்டிருப்பது கொஞ்ச நேரத்துக்கான பாய்ச்சல், பிரவுசர் திறக்க, ஃபைல் திறக்க அது போதும். எட்டு த்ரெட்டும் மணிக்கணக்கில் முழுவேகத்தில் ஓடினால் 15 வாட்டுக்குள் அடங்கப் பார்க்கும், அதற்குமேல் உங்கள் ஷீட் கூரைக்கு அடியில் 40 டிகிரி காற்றை உறிஞ்சி அந்தச் சின்ன ஃபேன் எதைக் குளிர்விக்கும்? டெஸ்க்டாப் ப்ராசஸர் 2013 காலத்தது, ஆனால் 84 வாட் வரை எடுத்துக்கொள்ளும், பெரிய ஹீட்சிங்க் இருக்கிறது, நாள் முழுக்க 3.2-க்குக் குறையாமல் நிற்கும். காகிதத்தில் லேப்டாப் முந்தும், நீளமான கம்பைலில் இரண்டும் ஏறக்குறைய சமம், ராம் கணக்கையும் சேர்த்தால் டெஸ்க்டாப்தான் ஜெயிக்கும். தெர்மல் பேஸ்ட் மட்டும் ஒரு தடவை மாற்றிவிடுங்கள், ஏலத்தில் வந்தது என்றால் உள்ளே காய்ந்து பொடியாகியிருக்கும்.

பையும் அப்படித்தான், 80 டிகிரி தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் இல்லாமல் அதில் கம்பைலைத் தொடவே தொடாதீர்கள், எஸ்டி கார்டையும் மாற்றி யூஎஸ்பி எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபிக்கு ஜே 2.

பாலாத்து_மணல்

மூன்றிலும் ஏன் கம்பைல் செய்ய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே? டெஸ்க்டாப்பில் மட்டும் ஒரு தடவை கட்டுங்கள், லேப்டாப்புக்கு அதையே கொடுங்கள்.

ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்டேஜில் பில்ட்பேக்கேஜ் என்று ஒரு ஃபீச்சர் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் கட்டுகிற ஒவ்வொன்றையும் ஒரு பைனரி பேக்கேஜாகச் சேமித்து வைக்கும். அந்த ஃபோல்டரை ஏதாவது ஒரு வெப் சர்வரில் காட்டினால் லேப்டாப் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், பையன்களின் மெஷின்களும் எடுத்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, எந்த ப்ராசஸருக்குக் கட்ட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்கிற ஆர்ச் அமைப்பில் நேட்டிவ் என்று போடக்கூடாது. அப்படிப் போட்டால் கட்டுகிற ப்ராசஸருக்கு மட்டுமே தெரிந்த கட்டளைகளும் உள்ளே போய்விடலாம், வேறு மெஷினில் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று விழும். எக்ஸ்86-64 வி3 என்று போடுங்கள், உங்கள் இரண்டு ஐ5-மே அதைத் தாங்கும். பையன்களில் யாராவது கோர் 2 டுவோ கொண்டுவந்தால் அவனுக்கு ஆகாது.

இன்னொன்று. 2023 டிசம்பர் கடைசியில் ஜென்டூவே அதிகாரபூர்வமாக பைனரி பேக்கேஜ் கொடுக்க ஆரம்பித்துவிட்டது, சாதாரண பிசிக்கும் ஏஆர்எம் 64-க்கும். லிப்ரேஆபீஸ், கேடிஇ போல நாள் கணக்கில் இழுக்கிற சமாசாரமெல்லாம் அதிலேயே கிடைக்கிறது. எமெர்ஜில் கெட்பின்பேக்கேஜ் ஆப்ஷன் போட்டால் போதும், யூஸ் ஃப்ளாக் பொருந்துவதை இறக்கிக்கொள்ளும், பொருந்தாததை மட்டும் கட்டும். பை 4-க்கு இதுதான் வழி, வேறெதுவும் யோசிக்காதீர்கள். ரஸ்டுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் "பின்" என்று முடிகிற பேக்கேஜ் தனியாகவே இருக்கிறது, ரஸ்டை நீங்களே கட்டிப் புண்ணியம் தேட வேண்டாம்.

டிஸ்ட்சிசி பற்றி யாராவது சொல்வார்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு மெஷினும் சேர்ந்து கம்பைல் செய்யும் என்பது உண்மை, ஆனால் இரண்டிலும் ஒரே கம்பைலர் பதிப்பு வேண்டும், கேபிள் வேண்டும் (வைஃபையில் வேண்டாம்), லிங்கிங் முழுக்க ஒரே மெஷினில்தான் நடக்கும், ரஸ்ட் கோடுக்கு அது உதவாது. வகுப்பில் காட்ட நன்றாக இருக்கும், தினசரி வேலைக்கு பைனரி பேக்கேஜ் முறைதான் தலைவலி இல்லாதது.

பேர்ணாம்பட்டு_பையன்

சரி சார், டெபியனை விட்டுவிட்டேன். ஆனால் கரண்ட் போனால்? டெம்ப் ஃபோல்டரை ராமிலேயே வைத்தால் வேகம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், கரண்ட் போனால் எல்லாம் காலிதானே?

வாலாஜா_தறி

காலிதான். அதனால் அப்படி ராமில் ஃபோல்டர் வைக்கிற டிஎம்பிஎஃப்எஸ் இவருக்கு வேண்டாம் என்பேன். எஸ்எஸ்டி இருக்கும்போது அதில் கிடைக்கிற வேகம் கொஞ்சம்தான், போவது ராம். ரஸ்ட் போன்றவை கட்டும்போது டெம்ப் ஃபோல்டர் பத்து ஜிபியைத் தாண்டும், 16 ஜிபி மெஷினில் அதை ராமில் வைத்தால் கம்பைலருக்கு என்ன மிஞ்சும்?

எமெர்ஜ் ரெஸ்யூம் என்பது பேக்கேஜ் வரிசையில் விட்ட இடத்திலிருந்து தொடரும், பாதியில் நின்ற பேக்கேஜை முதலிலிருந்துதான் கட்டும், இது பலருக்குத் தெரியாது. சிகேஷ் போட்டு வையுங்கள். ஏற்கெனவே கம்பைல் ஆன ஃபைலெல்லாம் கேஷிலிருந்து வரும், கரண்ட் போய் வந்தால் அந்தப் பாதி தூரத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். டீபால்ட் அளவு 5 ஜிபி, பெரிய பேக்கேஜுக்குப் போதாது, இடம் இருந்தால் 20 ஆக்குங்கள்.

இன்வெர்ட்டர் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், சிலதில் முன்பக்கம் இருக்கும். யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று இரண்டு. நார்மலில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற அந்தக் கண நேரத்தில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும், ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடுகிற வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. யூபிஎஸ் மோடில் வையுங்கள்.

பில்லைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அந்த டெஸ்க்டாப் முழு லோடில் சுமார் 100 வாட் என்று வைத்துக்கொண்டாலும் பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஏசி போட்டுக் குளிர்வித்தால்தான் பில் ஏறும், அதற்கு ராத்திரி ஓட விடுவது எவ்வளவோ மேல்.

சத்துவாச்சாரி_லேப்

ஸ்விட்ச் நார்மலில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். 16 கோர் இப்போதைக்கு வேண்டாம். டெஸ்க்டாப்பில் வி3 போட்டுக் கட்டி லேப்டாப்புக்குக் கொடுக்கிறேன், பைக்கு அதிகாரபூர்வ பைனரி. பகலில் வகுப்பு நடக்கும்போதும் கட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது, மெஷின் இழுக்காமல் இருக்குமா?

பாலாத்து_மணல்

போர்டேஜ் நைஸ்னஸை 19 ஆக்குங்கள், ஷெட்யூலிங் பாலிசியை ஐடில் என்று வையுங்கள். வேறு வேலை வந்தால் கம்பைல் ஒதுங்கிக்கொள்ளும். ஜே 4-ஐ 3 ஆக்கினால் பையன்களுக்கு ஒரு கோர் எப்போதும் மிஞ்சும். ராம் மட்டும் எந்த நைஸுக்கும் அடங்காது, அதனால் எல்எல்விஎம், வெப்எஞ்சின் இரண்டையும் ராத்திரிக்கு ஒதுக்கிவிடுங்கள்.